சாவி எங்கே?

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் படுங்கள். உங்கள் படுக்கையறை ஜன்னல் கிரில் திறக்குமா? திறக்கும் என்றால் அதன் சாவி எங்கே? இருட்டில், இருமலோடு, கண் எரிய, ஒரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அந்தச் சாவியை எடுத்து அந்தப் பூட்டில் நுழைத்துத் திருப்ப உங்களால் முடியுமா? உங்கள் தாயால் முடியுமா?

"கிரில் எங்கேயய்யா திறக்கும், அது சுவரோடு சுவராக அல்லவா நிற்கிறது?" என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்களைத் தேடித்தான் வந்திருக்கிறேன். உட்காருங்கள். நேரம் குறைவு, நேராகவே பேசுகிறேன்.

முதலில் என்னையே கூண்டில் ஏற்றிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் படுக்கையறை கிரில்லில் ஒரு சிறு கதவு உண்டு. வீடு கட்டும்போது அப்பா பிடிவாதமாகச் சொல்லி வைக்கச் செய்தது. "அவசரத்துக்கு ஒரு வழி வேணும்டா" என்றார். வெல்டர் வைத்துக் கொடுத்தார். அதில் ஒரு திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டவன் நான். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை. கரண்ட் போயிற்று. ஹாலில் இன்வெர்ட்டர் பக்கமிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஒரு ஒயர் சூடேறி உருகியிருந்தது. சுவிட்சை அணைத்தோம், புகை அடங்கிவிட்டது. வீட்டார் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. சும்மா ஒரு சோதனைக்கு அந்த கிரில் கதவைத் திறந்து பார்ப்போம் என்று எழுந்தேன்.

பூஜையறை ஆணியில் தொங்கிய கொத்தில் 11 சாவிகள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக நுழைத்தேன். ஏழாவது சாவி உள்ளே போயிற்று, திரும்பவில்லை. தேங்காயெண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். பூட்டின் துவாரத்தில் பச்சைக் களிம்பு. கீல்களின்மேல் மூன்று கோட்டிங் பெயின்ட் ஏறி, கதவும் சட்டமும் ஒரே இரும்பாகிக் கிடந்தன. கடிகாரத்தைப் பார்த்தேன்: 16 நிமிடம் ஆகியிருந்தது. கதவு திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேத்தி, வாய் லேசாகத் திறந்திருக்க, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா வைத்துவிட்டுப் போன வழியை நான் அடைத்திருந்தேன். ஒரு பூட்டால் அடைத்தேன். மூன்று கோட்டிங் பெயின்டால் அடைத்தேன். இருபது வருஷச் சோம்பலால் அடைத்தேன்.

அந்த 16 நிமிடம் எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன், கேளுங்கள். பழைய காலத்து மரச் சாமானும் பஞ்சு மெத்தையும் உள்ள அறை ஒன்றையும், இன்றைய ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த அறை ஒன்றையும் சோதனைக் கூடத்தில் அருகருகே வைத்து எரித்துப் பார்த்திருக்கிறார்கள். பழைய அறை முழுதும் தீப்பற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆயிற்று. புதிய அறை 5 நிமிடத்துக்குள் முழுதும் தீப்பற்றியது. நம் பாட்டி இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தாள், நாம் ஃபோமில் படுக்கிறோம். பாட்டிக்கு இருந்த அரை மணி நேரம் நமக்கு இல்லை. அந்த 5 நிமிடமும் முழுதாக நம் கையில் வராது. கண் விழிக்கக் கொஞ்சம் போகும், என்ன நடக்கிறது என்று புரியக் கொஞ்சம் போகும், பிள்ளைகளை எழுப்பக் கொஞ்சம் போகும். மீதியில் சாவி தேட வேண்டும்.

தீ வருமுன் புகை வரும். புகையோடு கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது, தூக்கத்தை இன்னும் ஆழமாக்கும். "நாற்றம் வந்தால் முழிச்சுக்க மாட்டேனா?" என்று நம்பாதீர்கள். தூங்கும்போது மூக்கும் தூங்குகிறது.

இதெல்லாம் தெரியாமலா நாம் கம்பி போட்டோம்? திருடனுக்குப் பயந்து போட்டோம். பயம் நியாயமானது. தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போன கதை எல்லாத் தெருவிலும் உண்டு. காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கிற ஊர் நம் ஊர். கம்பி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் விழாமல் காப்பதும் அதே கம்பிதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். திருடன் நகையை எடுப்பான், நகையை மறுபடி வாங்கலாம். திருடன் வெளியே இருக்கிறான் என்று எண்ணி, உள்ளே இருப்பவர்களை நாம் சிறை வைத்தோம். கிலோ கணக்கில் இரும்பை நிறுத்து வாங்கினோம், தாமரைப் பூவும் மயிலும் வைத்து அழகு பார்த்தோம். 'ஆபத்தென்றால் என் பிள்ளை எந்த வழியாக வெளியே வருவாள்?' என்ற ஒரே கேள்வியைக் கேட்க மறந்தோம்.

நம் மொழியில் ஒரு சொல் உண்டு: அடைக்கலம். நம் கூரையின் கீழ் கண்ணை மூடித் தூங்குகிறவர் எல்லாரும் நமக்கு அடைக்கலம். பெற்ற பிள்ளையும் அடைக்கலம், வயதான பெற்றோரும் அடைக்கலம், வேலைக்கு வந்து தங்கும் பெண்ணும் அடைக்கலம், மாத வாடகை தரும் குடித்தனக்காரரும் அடைக்கலம். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் அடைக்கலமாகத் தந்தார் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கண்ணகியின் கணவன் கோவலன் வெட்டுண்டதில் மாதரியின் பிழை எதுவுமில்லை. அரசன் செய்த தவறு அது, பொற்கொல்லன் செய்த வஞ்சகம் அது. ஆனாலும், என்னை நம்பித் தந்த அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்று அவள் தீயில் புகுந்தாள். பிழையே செய்யாத அவள் அப்படி நொந்தாள். வீட்டிலேயே சாவியை வைத்துக்கொண்டு, அது எங்கே என்று கூடத் தெரியாமல் தூங்கும் நாம் நாளை என்ன சொல்லப் போகிறோம்?

கணக்கு கேட்கப்படும், அன்பர்களே. கடவுளிடம் நம்பிக்கை உள்ளவர் அவர் கேட்பார் என்று கொள்ளுங்கள். இல்லாதவர் மனசாட்சி கேட்கும் என்று கொள்ளுங்கள். யார் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: உன்னை நம்பித் தூங்கியவர்களுக்கு நீ வழி வைத்தாயா?

இந்த நாடு இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லத் தவறியிருக்கிறது. 1997 ஜூன் 13, தில்லி உபஹார் தியேட்டர். படம் பார்க்கப் போனவர்கள். தீப்பிடித்தபோது பால்கனியில் வெளியேறும் வழியைக் கூடுதல் இருக்கைகள் மறித்தன, கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. 59 பேர் மாண்டார்கள். 2001 ஆகஸ்ட் 6, நம் ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் இருந்த பள்ளியில் 94 குழந்தைகள் போனார்கள். 2019 டிசம்பர் 8 விடியற்காலை, தில்லி அனாஜ் மண்டி. வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள். தீயணைப்பு வீரர்கள் ஜன்னல் கம்பிகளை அறுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. 43 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகை.

கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. ஏர்வாடிக்குப் பிறகுதான் சங்கிலிக் கொட்டகைகள் மூடப்பட்டன. நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, தெரிந்ததைச் செய்ய ஒவ்வொரு முறையும் பிணங்களுக்காகக் காத்திருந்தோம். பள்ளிக்கும் தியேட்டருக்கும் அரசாங்கம் ஆய்வாளரை அனுப்பும். நம் படுக்கையறைக்கு யார் வருவார்? ஆய்வாளரும் நாமே, குற்றவாளியும் நாமே. கண்ணீர் விடப் போகிறவர்களும் நாமேதான்.

அதனால் எழுந்திருங்கள். செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து ஒரே அசைவில் திறக்கும் கிரில் வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிகள் இதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. படுக்கையறை ஜன்னலில் கம்பி போடலாம். ஆனால் உள்ளிருப்பவர் சாவியில்லாமல், கருவியில்லாமல், தனிப் பயிற்சியில்லாமல், ஜன்னலைத் திறக்க வேண்டிய பலத்துக்கு மேல் பலமில்லாமல் அதைத் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த நான்கு 'இல்லாமல்'களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெல்டரிடம் போகும்போது இவற்றைச் சொல்லுங்கள்.

திறப்பின் அளவையும் அந்த விதிகள் சொல்கின்றன. அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உயரம் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மொத்தத் திறப்பு 5.7 சதுர அடி, தரையை ஒட்டிய தளமென்றால் 5 சதுர அடி. ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 20-க்கு 24 என்று மட்டும் வைத்துவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். பெருக்கிப் பாருங்கள், மூன்றே கால் சதுர அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அகலம் 20 என்றால் உயரம் 41 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். நம் நாலுக்கு நாலு ஜன்னலில் இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒரு கதவு வைத்தால் தாராளம். முதுகில் சிலிண்டரோடு வரும் தீயணைப்பு வீரர் உள்ளே நுழையவும் அந்த அகலம் வேண்டும்.

இங்கே நம் ஊர் ஜன்னலுக்கே உரிய சங்கடங்கள் சில உண்டு. பழைய மர ஜன்னலில் நடுவே நிற்கும் கட்டை திறப்பை இரண்டாக, மூன்றாகப் பிரித்துவிடும். அந்தக் கட்டை இருக்கும்வரை கிரில் திறந்தும் ஆள் நுழைய முடியாது. புதிய யுபிவிசி ஜன்னல் பெரும்பாலும் பக்கமாகத் தள்ளித் திறப்பது, பாதிதான் திறக்கும். கிரில்லின் கதவு அந்தத் திறக்கும் பாதிக்கு நேராக வர வேண்டும். கொசுவலைச் சட்டத்தை ஸ்குரு போட்டு முடுக்கியிருந்தால் அதுவும் ஒரு கம்பிதான். ஜன்னலை அடைத்து ஏசி வைத்திருந்தால் அந்த அறைக்கு வேறொரு ஜன்னல் வழியாக வேண்டும். அளவு எடுக்க வருபவரிடம் இவ்வளவையும் சேர்த்துக் காட்டுங்கள்.

தாழ்ப்பாள் எப்படி இருக்க வேண்டும்? உங்கள் வீட்டு ஸ்டீல் பீரோவைத் திறந்து பாருங்கள். கைப்பிடியை ஒரு முறை திருப்பினால் மேலேயும் கீழேயும் பக்கத்திலும் உள்ள கம்பிகள் ஒரே நேரத்தில் உள்ளே இழுபடுகின்றன. அதே வித்தை இங்கேயும் போதும். பூட்டு மட்டும் கூடாது. "அப்படியானால் திருடனும் கையை விட்டுத் திருப்புவானே?" என்பீர்கள். நல்ல கேள்வி. கைப்பிடியைச் சுற்றி ஒரு தகட்டுப் பெட்டி வைத்து, உள்ளிருந்து மட்டும் கை போகும்படி வாய் விடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கம்பி இடைவெளியில் கை விட்டாலும் எட்டாத பக்கத்தில் வையுங்கள். கீலின் ஊசியை வெளியிலிருந்து தட்டிக் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். பூட்டியிருக்கும்போது கதவு ஆடக் கூடாது. திருடனுக்கு அது சுவர், உங்கள் மகளுக்கு அது கதவு. இரண்டும் ஒரே இரும்பில் ஆகும்.

கைப்பிடியின் உயரத்தை யோசித்து வையுங்கள். சுமார் நாலரை அடியில் வைத்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டாது, பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டும். கட்டிலை ஜன்னலடியில் போடாதீர்கள். சின்னது ஏறி நிற்கும், ஆபத்தில் பெரியவரையும் அது மறிக்கும். மாடி வீட்டுக்காரர் எந்த ஜன்னலைத் திறக்கும் ஜன்னலாக்குவது என்று கவனித்துத் தேர்ந்தெடுங்கள். கீழே சன்ஷேடோ பால்கனியோ இருக்கும் பக்கம் நல்லது. ஏணி வந்து நிற்க இடமுள்ள சாலைப் பக்கம் நல்லது. உயரமான மாடியில் அந்த ஜன்னல் குதிப்பதற்கல்ல, மூச்சு வாங்குவதற்கு, கையசைத்துக் கூப்பிடுவதற்கு, ஏணியில் வருபவர் உங்களை எடுத்துக்கொள்வதற்கு. முதல் வழி எப்போதும் வாசல்தான். வாசலைத் தீ மறித்தால் இது இரண்டாம் வழி. இரண்டாம் வழி இல்லாத அறையில் யாரையும் தூங்க வைக்காதீர்கள். கூடவே ஒரு புகை அலாரத்தையும் உட்கூரையில் மாட்டுங்கள். கிரில் வழி விடும், எழுப்பாது. அலாரம் எழுப்பும், வழி விடாது. இரண்டும் வேண்டும்.

போட்டாகிவிட்டதா? கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். என் அப்பாவும் போட்டார். வைத்தவர் போய்விடுவார், பராமரிக்கிறவர்தான் காப்பாற்ற வேண்டும். இரும்பு சும்மா இருக்காது. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று உப்புக் காற்று வீசுகிற ஊரில் இரண்டு மழைக் காலத்தில் கீல் இறுகிவிடும். பெயின்ட் அடிக்க வருபவர் நல்ல மனசோடுதான் கீலின்மேலும் ஒரு கோட்டிங் இழுத்துவிட்டுப் போவார். அவரைப் பக்கத்தில் நின்று தடுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்பின் பெயின்ட். கீலுக்கும் தாழ்ப்பாள் கம்பிக்கும் கிரீஸ். தேங்காயெண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் தூசி பிடித்து இறுகிவிடும். இதை நான் அனுபவத்தில் கற்றேன்.

மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள். அமாவாசையை வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஞாயிறை வைத்துக்கொள்ளுங்கள், சம்பள நாளை வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஆயுதபூஜை அன்று கிரில்லைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஒருமுறையாவது திறந்து பார்த்தோமா? போகிக்கு வீட்டை ஒழித்துப் பழையதையெல்லாம் வெளியே எறிகிறோம். ஜன்னலை மறித்து நிற்கும் பெட்டியையும் உடைந்த கூலரையும் மட்டும் ஏன் விட்டு வைக்கிறோம்? கிரில்லில் துணி காயப் போடும் கயிற்றை அவிழ்த்து வேறிடத்தில் கட்டுங்கள். பூந்தொட்டியைத் தொங்கவிடாதீர்கள்.

திறந்து பார்க்கும்போது வீட்டிலேயே பலம் குறைந்த கையைக் கொண்டு திறந்து பாருங்கள். மூட்டுவலிக்கார அம்மாவின் கை, பத்து வயதுப் பேத்தியின் கை. உங்கள் கையால் திறந்தது கணக்கில் சேராது. அந்த ராத்திரி நீங்கள் வெளியூரில் இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லித் தாருங்கள். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே. புகை மேலே இருக்கும், நீ தவழ்ந்து வா. கதவிடுக்கில் ஈரத் துணி வை. ஜன்னலுக்கு வா, கைப்பிடியைத் திருப்பு, சத்தம் போடு. வெளியே வந்த பிறகு பொம்மையை எடுக்கத் திரும்பிப் போகாதே. 101-க்குக் கூப்பிடு, இல்லையென்றால் 112.

இனி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்காரர்களே, வாடகை வாங்குகிறீர்கள், அட்வான்ஸ் வாங்குகிறீர்கள். ஆணி அடித்தால் கணக்குப் பார்க்கிறீர்கள். உங்கள் கம்பிக்குள் யாரோ பெற்ற பிள்ளைகள் தூங்குகின்றன. அந்தக் கம்பிக்கு ஒரு கதவு வையுங்கள். குடித்தனக்காரர்களே, "நம்ம வீடா என்ன?" என்று இருந்துவிடாதீர்கள். வீடுதான் அவருடையது, உள்ளே இருக்கும் உயிர் உங்களுடையது. கேளுங்கள். மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பிமார்களே, உங்கள் கையில் பெரிய தருமம் இருக்கிறது. "ஃபிக்ஸடா போட்டுடலாம் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பம் முப்பது வருஷம் அந்த வார்த்தைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. "படுக்கையறைக்கு ஒரு திறப்பு வச்சுடறேன் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். கீலுக்கும் கைப்பிடிக்கும் ஆகும் செலவைக் கேட்டு வாங்குங்கள், அதில் தவறில்லை. சொல்லாமல் விடுவதுதான் தவறு.

ஹாஸ்டல் நடத்துகிறவர்களே, ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறீர்கள். பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்கிறீர்கள். பெற்றவர்கள் உங்களிடம் தந்தது அடைக்கலம். அடைக்கலத்தைக் கம்பிக்குள் வைத்துப் பூட்டுவது காவலாகாது. உள்ளிருந்து திறக்கும் வழி ஒன்று ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்களே, பார்க்கிங் சண்டைக்கு மூன்று கூட்டம் போடுகிறீர்கள். இதற்கு ஒரு கூட்டம் போடுங்கள். வீடு வீடாகப் போய் எந்த கிரில் திறக்கும், எது திறக்காது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, சொல்லவே நா கூசும் ஒன்று. வேலைக்குப் போகும்போது வயதான தாயை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகும் மகன்களே, மகள்களே. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறது, தெருவில் இறங்கிப் போய்விடுவாள் என்று பயப்படுகிறீர்கள். ஆனால் வெளியே பூட்டிய கதவு, நான்கு பக்கமும் கம்பி, அடுப்பில் சிலிண்டர், சுவாமி படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு. இத்தனையையும் வைத்துவிட்டுப் போகிறீர்கள். ஏர்வாடியில் சங்கிலி போட்டவர்களும் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்று சொல்லித்தான் போட்டார்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். இன்றைக்கே.

இன்றைக்கே என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? நாளைக்கு என்ற சொல் நம் வீட்டில் அளவுக்கு மீறித் தங்கிவிட்ட விருந்தாளி. வள்ளுவர் மடியின்மைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சோம்பல் குடியைக் கெடுக்கும் என்று தெரிந்துதான் ஒதுக்கினார். தீபாவளி கழியட்டும் என்போம். தீபாவளி ராக்கெட்டுக்கு அது தெரியாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்போம். பழுதான ஒயர் பொங்கல் வரை பொறுக்காது. போனஸ் வரட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், வெல்டர் போனை எடுக்கட்டும் என்போம். ஒவ்வொரு 'ட்டும்'க்கும் ஒரு ராத்திரி கழிகிறது. அந்த ராத்திரிகளில் எது அந்த ராத்திரி என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லியனுப்புவதில்லை.

எங்கள் வீட்டில் மறுநாளே வெல்டர் வந்தார். சாவியெல்லாம் வேலைக்காகாது என்று கிரைண்டரை எடுத்தார். பூட்டை அறுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவைப் பெயர்த்தெடுத்து, கீலை மாற்றி, பீரோ கைப்பிடி ஒன்றை வைத்துத் தகடு அடித்துக் கொடுத்தார். போகும்போது, "இந்தக் கதவை அப்பவே யாரு சார் வைக்கச் சொன்னது?" என்று கேட்டார். அப்பா என்றேன். "விவரமானவர்" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டினார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ராத்திரி விளக்கை அணைக்கிறோம். பேத்தி கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைத் தடவிப் போய், கைப்பிடியைத் திருப்புகிறாள். 12 எண்ணுவதற்குள் கிரில் திறந்து மழைக்காற்று உள்ளே வருகிறது. அறுந்த பூட்டை நான் எறியவில்லை. என் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அதன் பச்சைக் களிம்பு கையில் ஒட்டுகிறது.

அன்புடையீர், இதை வாசித்தது போதும். பக்கத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் உங்களை நம்பித் தூங்கப் போகிறார்களே, அவர்களுக்காகத் தொட்டுப் பாருங்கள்.

சாவி எங்கே?